வாடகை கொடுத்தவர் வாசலில் நிற்பதா?

ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்த ஒருவர், அவ்வீட்டின் கதவைத் திறக்க வேண்டிய போதெல்லாம் உரிமையாளரின் இல்லம் நாடிச் சென்று, அவர் உறங்கி எழுந்து வெளியே வரும் வரையில் அஞ்சடியில் காத்து நிற்க வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டால், அதில் கையொப்பமிட அறிவுடையோர் எவரும் இசையார். ஆயினும் இணையத்தில் இத்தகைய ஒப்பந்தங்கள் நாள்தோறும் கையொப்பமாகிக் கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் ஒப்பமிடுவோர் கல்லாதவரும் அல்லர். சங்கங்களின் செயலாளர்கள், பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், ஆலயங்களின் நிருவாகத்தினர், நூல் வெளியிட்டு அதனை உலகறியச் செய்ய விழையும் எழுத்தாளர்கள் ஆகிய இவர்களே அவர்கள்.

வலைத்தளம் ஒன்று வேண்டும் என்று இவர்கள் ஒரு நிறுவனத்தை அணுகுகின்றனர். நிறுவனம் தளத்தை அமைத்து, தன் கணினியில் இடமும் தந்து, ஆண்டுக்கொருமுறை கட்டணம் பெற்றுக் கொள்கின்றது. தளம் அழகாகவே இருக்கின்றது. கட்டுரைப் போட்டியின் இறுதி நாள் தவறாக அச்சேறிவிட்டது என்று வைத்துக் கொள்வோம். அதனைத் திருத்த ஒரு நிமிடம் போதும். செயலாளரோ மின்னஞ்சல் எழுதுகின்றார். மூன்று நாள் கழித்து மறுமொழி வருகின்றது. நான்காம் நாள் திருத்தம் நிகழ்கின்றது. மாத இறுதியில் அத்திருத்தத்திற்கெனத் தனியே ஒரு கட்டணச் சீட்டும் வருகின்றது. அதற்குள் மாணவர் பலர் போட்டியைத் தவற விட்டிருப்பர். நிருவாகக் கருவிகளைத் தங்களுக்கும் திறந்து விடும்படி கேட்டாலோ, "அது பாதுகாப்பன்று" என்னும் ஒரே வரியில் கதவு அடைபடுகின்றது.

இங்கே பேசப்படும் கருவிகள் எவை என்பதை முதற்கண் தெளிவாக்கிக் கொள்ளுதல் நன்று. வலைத்தளம் என்பது எந்நேரமும் விழித்திருக்கும் ஒரு வழங்கிக் கணினியில் வாழ்வது. அங்கே அதற்குரிய கோப்புகள் உள்ளன. எழுத்தெல்லாம் சேமிக்கப்படும் தரவுத்தளம் உள்ளது. தளத்தின் பெயரால் இயங்கும் அஞ்சல் பெட்டிகள் உள்ளன. இவற்றை வாடிக்கையாளரே ஆளுவதற்கென்று கட்டுப்பாட்டுப் பலகை என்னும் மென்பொருள் உண்டு. 1996-ஆம் ஆண்டில் நிக் காஸ்டன் உருவாக்கிய சிபேனல் அவற்றுள் பெயர் பெற்றது, பிளெஸ்க் மற்றொன்று. காப்புப் படி எடுத்தல், புதிய அஞ்சல் பெட்டி திறத்தல், தரவுத்தளத்தைப் பார்வையிடுதல், தளத்திற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் பொருத்துதல் ஆகிய யாவும் அதன் வழியே சில சொடுக்குகளில் முடியும். பக்கங்களை எழுதவும் திருத்தவும் வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளின் நிருவாக வாயில் தனியே உள்ளது. தளத்தின் பெயரையே பதிவு செய்து வைத்திருக்கும் கணக்கு மூன்றாவது. ஆக, திறவுகோல்கள் மூன்று. பல வாடிக்கையாளரிடம் இம்மூன்றில் ஒன்றும் இல்லை என்பதே இக்கட்டுரைக்குக் காரணமாகிய குறை.

இக்கட்டுப்பாட்டுப் பலகைகள் வாடிக்கையாளர்க்காகவே பிறந்தவை. இடந்தரும் நிறுவனத்தார் தம் ஊழியரைச் சிறு வேலைகளுக்கெல்லாம் அலைக்கழிக்காதிருக்கும் பொருட்டு, அவ்வேலைகளை வாடிக்கையாளரே செய்து கொள்ளட்டும் என்னும் நோக்கத்தில் அமைந்தவை அவை. அத்தகைய கருவியை வைத்திருந்தும் வாடிக்கையாளர் கண்ணில் காட்டாது பூட்டி வைப்பது, படிக்கட்டைக் கட்டிவிட்டு அதன் மேல் மூட்டைகளை அடுக்கி வைப்பதைப் போன்றது.

மறுப்போர் கூறும் காரணங்களுள் வலிமை மிக்கதாகத் தோன்றுவது ஒன்று. ஒரே வழங்கியில் நூறு வாடிக்கையாளர் குடியிருக்கின்றனர். ஒருவரிடம் திறவுகோலைத் தந்தால் மற்றவர் அனைவருக்கும் கேடு நேரும் என்பது அது. கேட்போர்க்கு இது நியாயமாகவே படும். ஆனால் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் வாழும் எவரும் இவ்வாதத்தின் ஓட்டையை உடனே கண்டு கொள்வர். மின்தூக்கியின் பொறியறைக்குரிய சாவி நகர மன்றத்திடம் உள்ளது. மொட்டை மாடிக் கதவின் சாவியும் அவ்வாறே. அதனால் பத்தாம் மாடியில் குடியிருப்பவரின் வீட்டுச் சாவியையும் நகர மன்றமே வைத்திருக்க வேண்டும் என்று யாரேனும் கூறுவரோ? பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து கொள்வதற்கெனவே 1970-களில் வளர்ந்த யுனிக்ஸ் முறையின் வழிவந்தவை இன்றைய வழங்கிகளில் பெரும்பாலானவை. ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கு, ஒவ்வொரு கோப்பிற்கும் உரிமையாளர் இன்னார் என்னும் குறிப்பு, பிறர் கோப்பைத் தொட இயலாத தடை ஆகியன அதன் அடித்தளத்திலேயே உள்ளன. வாடிக்கையாளர் கேட்பது தம் வீட்டின் சாவியை; கட்டடத்தின் முதற்சாவியை அன்று. இவ்விரண்டையும் வேண்டுமென்றே குழப்பிப் பேசுவது தொழில் தெரிந்தோர்க்கு அழகன்று. ஒருவர் கணக்கின் வழியாக மற்றவர் கணக்கு உண்மையிலேயே கெடக்கூடுமாயின், பழுது அந்நிறுவனத்தின் கட்டமைப்பில் இருக்கின்றதே யன்றி வாடிக்கையாளரிடம் இல்லை.

அடுத்த காரணம் சற்று இழிவானது. "ஆசிரியர்களுக்கும் சங்கத்தார்க்கும் இவையெல்லாம் விளங்கா, தொட்டால் உடைத்து விடுவர்" என்பது. 1995-ஆம் ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய இணையத் தொகுப்பை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்தபோது, அதில் தமிழும் இடம் பெற்றது. இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்க நிகழ்ச்சிகளுள் அது ஒன்று. அதற்குப் பின்னின்று உழைத்த நா. கோவிந்தசாமி கணினி நிறுவனம் நடத்தியவர் அல்லர். ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர்களைப் பயிற்றுவித்த விரிவுரையாளர். 1997-இல் இணையத் தமிழ் குறித்த முதல் மாநாடு சிங்கப்பூரில் கூடியபோதும் மொழியறிஞரும் பொறியாளரும் ஒரே மேசையில் அமர்ந்தே பேசினர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளைத் தந்ததும், அதனைத் தட்டிப் பழகிக் கணினித் தமிழைப் பரப்பியோருள் ஆசிரியர் பலர் இருந்ததும் இந்நாட்டார் அறிந்தவை. இத்தகைய மரபில் வந்த ஆசிரியரை நோக்கி, உமக்குக் கதவுச் சாவி விளங்காது என்று கூறுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடியபோது, சில நாள்களுக்குள் இணையவழி வகுப்புகளை நடத்தக் கற்றுக் கொண்டவர்களும் இவர்களே.

உடைக்கவே மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. உடைப்பர். கற்கும் எவரும் உடைப்பர். உடைந்ததை மீட்கக் காப்புப் படி இருக்கின்றதா என்பதுதான் கேள்வி; அக்காப்புப் படியை எடுக்கும் கருவியோ, தரமறுக்கும் அந்தக் கட்டுப்பாட்டுப் பலகைக்குள்தான் இருக்கின்றது.

காப்புப் படி பற்றிய பேச்சு வெறும் அச்சமூட்டல் அன்று. 2021-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள், பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீக்கிரையானது. இலட்சக்கணக்கான வலைத்தளங்கள் ஒரே இரவில் மறைந்தன. தமக்கென வேறிடத்தில் படி வைத்திருந்தோர் சில நாளில் மீண்டெழுந்தனர். நிறுவனத்தையே முற்றிலும் நம்பியிருந்தோருள் பலர்க்குத் தரவு திரும்பவே இல்லை. அதற்கும் முன்னர், எண்ணற்றோர் தம் முதல் வலைப்பக்கத்தை அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை யாஹூ நிறுவனம் 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் மூடியது. சில மாதம் முன்னரே அறிவிப்பு வந்தது. கோப்புகளைத் தம் கையால் இறக்கிக் கொள்ளும் வாயில் திறந்திருந்தமையால், கடவுச்சொல்லை நினைவில் வைத்திருந்தோர் தம் பக்கங்களைக் காத்துக் கொண்டனர். மற்றோர் பக்கங்களுள் ஒரு பகுதியைத் தன்னார்வலர் குழுவொன்று அரும்பாடுபட்டு மீட்டது. பெரிய நிறுவனங்களின் நிலையே இதுவாயின், கடைத்தெருவின் மாடியில் இருவர் நடத்தும் சிறு நிறுவனம் நாளை மூடப்பட்டால் சங்கத்தின் இருபது ஆண்டு வரலாறு என்னாகும்?

இந்த இடத்தில் தமிழுக்கே உரிய ஒரு துயரத்தையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத் தளங்களுக்குப் பெரும்பாலும் நேராத இடர் அது.

ஒருங்குறியின் யுடிஎப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு இடத்தைக் கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு ஒன்றே போதும். வலைத்தளங்களில் மிகுதியாகப் பயன்படும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், 2018-இல் எட்டாம் பதிப்பு வெளிவரும் வரையில், எதுவும் குறிப்பிடாவிட்டால் இலத்தீன் எழுத்துத் தொகுதியையே தன் இயல்பாகக் கொண்டிருந்தது. அமைத்தவர் கவனமற்றவராயின் இரண்டில் ஒன்று நேரும். எழுதப்பட்ட தமிழ் தரவுத்தளத்தில் நுழையும் போதே ஒவ்வோர் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாகிவிடுவது ஒன்று. அப்படி ஆனதை எவராலும் மீட்க இயலாது. எழுத்து அங்கே இல்லை. மற்றொன்று, தமிழின் பைட்டுகள் இலத்தீன் வேடமிட்டு உள்ளே புகுந்து கொள்வது. பழைய வழங்கியில் இருக்கும் வரையில் பக்கம் ஒழுங்காகவே தெரியும். புதிய வழங்கிக்கு மாற்றும் நாளில்தான் கட்டுரையெல்லாம் பொருளற்ற கிறுக்கலாக வெளிப்படும். இதனை மீட்கலாம். தரவுத்தளத்தைத் திறந்து, எந்த அட்டவணை எந்த எழுத்துத் தொகுதியில் உள்ளது என்று கண்டு, முறையாக மாற்றத் தெரிந்த ஒருவர் அமர்ந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடியும்.

ஆனால் திறப்பது எவ்வாறு? பிஎச்பி மைஅட்மின் என்னும் கருவி கட்டுப்பாட்டுப் பலகைக்குள் இருக்கின்றது. பலகையின் கடவுச்சொல் நிறுவனத்திடம் இருக்கின்றது. நிறுவனத்திலோ தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாதிருக்கலாம். அவர் கண்ணுக்குக் கேள்விக்குறியும் கிறுக்கலும் தமிழும் ஒன்றே. எந்தப் பக்கம் கெட்டது, எது கெடவில்லை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லக் கூடியவர் தமிழாசிரியர். அவரையே வெளியில் நிறுத்திவிட்டு, எழுத்தறியாதவரை உள்ளே அமர்த்துவது எந்த ஊர் நியாயம்? சங்க மலர்களும், பரிசு பெற்ற மாணவர் கட்டுரைகளும், மறைந்த எழுத்தாளர்களின் நேர்காணல்களும் இவ்வாறு வழங்கி மாற்றத்தின் போது கேள்விக்குறிகளாகிப் போவதற்கு, மென்பொருளின் குறை பாதிக் காரணமென்றால் பூட்டிய கதவு மறுபாதி.

தளத்தின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். களப்பெயர் பதிவில் 'பதிவு பெற்றவர்' என்று யார் பெயர் உள்ளதோ அவருக்கே அப்பெயரின்மேல் உரிமை. அங்கே சங்கத்தின் பெயருக்குப் பதில் நிறுவனத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தால், ஆண்டுதோறும் பணம் கட்டியவர் சங்கத்தார், உரிமையாளர் வேறொருவர் என்றாகும். 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரெஜிஸ்டர்ஃபிளை என்னும் பதிவு நிறுவனம் நிலைகுலைந்தபோது, அதன் வாடிக்கையாளர் பலர் தம் பெயரை வேறிடம் மாற்றுதற்குரிய குறியீட்டைப் பெற இயலாமல் தவித்தனர். ஐகேன் அமைப்பு அந்நிறுவனத்தின் அங்கீகாரத்தையே நீக்க நேர்ந்தது. இன்று, டாட்காம் போன்ற பொதுப் பெயர்களுக்குரிய ஐகேன் விதியின்படி, பதிவு பெற்றவர் கேட்டால் ஐந்து நாளுக்குள் அக்குறியீட்டைத் தந்தாக வேண்டும். மலேசியப் பெயர்களை மைநிக்கும், சிங்கப்பூர்ப் பெயர்களை எஸ்ஜிநிக்கும் மேற்பார்க்கின்றன. அவற்றின் விதிகள் தனி. எவ்வாறாயினும், கைப்பேசி எண்ணை வைத்துக் கொண்டே நிறுவனத்தை மாற்றிக் கொள்ளும் உரிமையை இரு நாட்டு மக்களும் 2008-இலேயே பெற்று விட்டனர். எண்ணுக்கு உள்ள உரிமை, தான் பிறந்த நாள் முதல் ஒரு சங்கம் தாங்கி வரும் பெயருக்கு இல்லையா?

ஐரோப்பிய ஒன்றியம் இதில் இன்னும் ஒரு படி முன்னே சென்றுள்ளது. 2025 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்துள்ள அதன் தரவுச் சட்டம், மேகக் கணிமை நிறுவனங்களின் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்திற்கு மாறுவதைத் தடுக்கும் இடையூறுகளை நீக்கும்படி ஆணையிடுகின்றது. ஸ்திராஸ்பூரின் தீயைக் கண்ட கண்டத்தில் இத்தகைய சட்டம் பிறந்ததில் வியப்பில்லை.

நிறுவனத்தார் பக்கமும் சில நியாயங்கள் உள்ளன. அவற்றை மறைத்து எழுதுவது முறையன்று. 2019-இல் சிபேனல் தன் விலை முறையைக் கணக்கு எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றியபோது, சிறு நிறுவனங்களின் செலவு திடீரெனக் கூடியது. ஒவ்வொரு வாடிக்கையாளர்க்கும் தனிப் பலகை தருவது அவர்க்குச் சுமையே. கட்டணமில்லாத் திறந்தமூலப் பலகைகள் இருப்பினும் அவற்றைப் பேணவும் ஆள் வேண்டும். அச்செலவை வெளிப்படையாகக் கட்டணத்தில் சேர்த்துக் கேட்டால் சங்கத்தார் தருவதற்குத் தயங்கார். ஆனால் 2016 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு எல்லார்க்கும் இலவசமாகவே வழங்கி வரும் பாதுகாப்புச் சான்றிதழைப் பொருத்திவிட்டு, அதற்கு ஆண்டுக் கட்டணம் வாங்குவோரும் உளரே! வாடிக்கையாளர் ஒருமுறை பலகையைத் திறந்து பார்த்தால் அந்த வரவு நின்று போகும். பாதுகாப்பு என்று சொல்லப்படுவது சில இடங்களில் வருமானத்தின் பாதுகாப்பே.

இன்னொரு நியாயம், கடுமையாயினும் ஏற்கத் தக்கது. கடவுச்சொல்லைச் செயற்குழுவின் வாட்சாப் குழுவில் எல்லாரும் காண எழுதி வைப்பதும், ஆறு ஆண்டுகளாக அதனை மாற்றாதிருப்பதும், பதவி விலகிய பொருளாளரின் சொந்த மின்னஞ்சலிலேயே களப்பெயர் பதிந்து கிடப்பதும் சங்கங்களில் காணாத காட்சிகள் அல்ல. நாற்காலி எத்தனை, ஒலிபெருக்கி எத்தனை, கேடயம் எத்தனை என்று சொத்துப் பட்டியல் எழுதும் சங்கம், வலைத்தளத்தின் திறவுகோலை அப்பட்டியலில் எழுதுவதில்லை. தேர்தலில் தோற்றவர் கடவுச்சொல்லோடு வெளியேறிவிட்டால், பூட்டியவர் நிறுவனத்தார் என்று குறை கூறுவதும் பொருந்தாது.

ஆயினும் இக்குறைக்கு மருந்து கதவை அடைப்பதன்று, சாவிகளை வகுத்தல். வேர்ட்பிரஸ் மென்பொருளிலேயே நிருவாகி, பதிப்பாசிரியர், எழுதுவோர், பங்களிப்போர் என்று படிநிலைகள் உள்ளன. பங்களிப்போர் நிலையில் உள்ள மாணவர் கட்டுரையை எழுதி வைக்கலாம், வெளியிட முடியாது. ஆசிரியர் பதிப்பாசிரியராக இருந்து அதனைப் பார்த்துத் திருத்தி வெளியிடலாம். பள்ளியின் கையெழுத்து இதழில் எந்நாளும் நடந்து வந்த முறைதான் இது. கட்டுப்பாட்டுப் பலகையும் களப்பெயர்க் கணக்கும் செயலாளர், தலைவர் ஆகிய இருவரிடம் மட்டும் இருக்கட்டும். கடவுச்சொல்லோடு கைப்பேசியில் வரும் இரண்டாம் சரிபார்ப்பும் சேரட்டும். அஞ்சல் முகவரி தனிமனிதருடையதாக அல்லாமல் சங்கத்துடையதாக இருக்கட்டும். எல்லாவற்றையும் நிறுவனமே பார்த்துக் கொள்ளட்டும் என்று விரும்பும் சங்கங்களும் உண்டு. அது அவர்தம் உரிமை. வண்டியோட்டியை அமர்த்திக் கொண்டவரும் வண்டியின் பதிவுச் சீட்டைத் தம்மிடமே வைத்திருப்பர்.

இவ்வளவும் சட்டம் வரும் வரையில் காத்திருக்க வேண்டியவையல்ல. வாடிக்கையாளர் கையில் இன்றே ஒரு வலிமை உள்ளது. ஆண்டுதோறும் வரும் புதுப்பிப்புக் கட்டணச் சீட்டு அது. அதனைச் செலுத்துமுன் செயலாளர் எழுத்து வடிவில் கேட்க வேண்டியவை அதிகமில்லை: பலகைக்குள் நுழையும் உரிமை, வேர்ட்பிரஸ் நிருவாகிக் கணக்கு ஒன்று, பதிவில் சங்கத்தின் பெயர், கோப்பும் தரவுத்தளமும் அடங்கிய முழுக் காப்புப் படி. படி கைக்கு வந்தவுடன் தமிழ் தெரிந்த ஒருவர் அதனைத் திறந்து, எழுத்துகள் எழுத்துகளாகவே உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். கடிதத்தைக் காலாவதி நாளுக்கு முந்திய வாரத்தில் அனுப்பிப் பயனில்லை. களப்பெயரை வேறிடம் மாற்றப் பல நாள் பிடிக்கும். அண்மையில் ஒருமுறை மாறிய பெயராயின் அறுபது நாள் வரையில் அசையாத பூட்டும் இருக்கக்கூடும். எனவே மூன்று திங்கள் முன்னரே கடிதம் புறப்பட வேண்டும். அதன் படியொன்று செயற்குழுக் கூட்டக் குறிப்பிலும் ஏற வேண்டும்.